பால் மறக்கும் வரைக்கும்

முன்னொரு காலத்திலே, வெளிச்சம் என்ன நிறம் என்றே தெரியாத ஒரு ஊரிலே, ஒரு வேர் இருந்ததாம். ம். அந்த வேருக்கு எப்போதும் தாகமாம். ம். இந்த ‘ம்’மையும் நானேதான் சொல்லிக்கொள்கிறேன். ம் கொட்ட வேண்டிய தன்ஷிகா முன்னறையில் அவளுடைய அத்தையிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரட்டைச் சடை. ஊருக்குப் போகிறவளுக்கு இரட்டைச் சடைதான் வேண்டுமாம். நான் உள்ளறையில் இருக்கிறேன். கால் பெருவிரலில் கயிறு, கயிற்றின் அந்தப் பக்கம் தூளி, தூளிக்குள் லோகித், மடியில் தாவரச் செயலியல் புத்தகம். காலை நீட்டி மடக்கினால் தூளி வருகிறது, போகிறது. புத்தகத்தில் ஒரு வரி வருகிறது, போகிறது. ‘இலைகளில் நிகழும் நீராவிப்போக்கினால் உண்டாகும் இழுவிசையே நீர் மேலேறக் காரணமாகிறது.’ படித்துவிட்டேன். என்ன படித்தேன்? இலைகளில் நிகழும். இலைகளில் என்ன நிகழ்ந்தது? வாசலில் ஏதோ சத்தம், ஆட்டோவா? இல்லை, பக்கத்து வீட்டில் குடத்தை நகர்த்துகிறார்கள். அவர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். பால்பாண்டி என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தது, அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. ஆட்டோ வந்ததும் அவருடைய அக்கா ராஜாத்தி மதினி என் பிள்ளைகள் இரண்டு பேரையும் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பரீட்சை முடியும் வரைக்கும் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. பேசி முடிக்கும்போது லோகித் பால் மறக்கும் வரைக்கும் என்று ஆகியிருந்தது. பரீட்சைக்கு ஒரு தேதி இருக்கிறது, திங்கட்கிழமை. மறப்பதற்கு யார் தேதி போடுவார்கள்? வேண்டாம் என்று நான் சொல்வதாக இருந்தால் ஆட்டோ வருவதற்குள் சொல்ல வேண்டும். இலைகளில் நிகழும் நீராவிப்போக்கினால்.

“என்ன மாரி, ஒறங்கிட்டானா?” முன்னறையிலிருந்து மதினி கேட்கிறார்கள். “இன்னும் இல்ல மதினி.” “நீ அங்கன உக்காந்திருந்தா அவன் எங்கிட்டு ஒறங்குவான். வாசம் பிடிச்சுக்கிட்டே கெடப்பான். இங்கிட்டு வா நீ.” சரி மதினி என்கிறேன், எழுந்திருக்கவில்லை. சேலை மடிப்புக்கு நடுவில் ஒரு கண் மட்டும் தெரிகிறது. அது என்னைப் பார்க்கிறது. நான் புத்தகத்தைப் பார்க்கிறேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினால் நல்லது, அவன் அப்படியெல்லாம் நினைக்க மாட்டான். அந்த வேர் தண்ணியை உறிஞ்சி என்ன செய்ததாம்? தனக்கு வைத்துக்கொள்ளவில்லையாம். மேலே எங்கேயோ ஒரு இலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதற்கு அனுப்பியதாம். வேர் இலையைப் பார்த்ததே இல்லையாம். பார்க்காத இலைக்கு ஏன் அனுப்புச்சு, என்று தன்ஷிகா ஒருநாள் கேட்டாள். இலை இழுக்குதுல்ல, அதான், என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பாடத்திலும் அவ்வளவுதான் இருக்கிறது. எனக்குத்தான் போதவில்லை, அன்றைக்கு முழுக்க அடுப்படியில் நின்றபடி அந்த வேரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பாடம் கதையாகத்தான் ஏறும். படிப்பதற்கென்று தனியாக நேரம் இருந்தால்தானே பாடமாகப் படிக்க. இவர்களைத் தூங்க வைக்கும் நேரம்தான் எனக்குப் படிப்பு நேரம், அதனால் தூங்க வைக்கிற கதையாகவே பாடத்தைச் சொல்லிப் பழகிவிட்டேன். நான் சொல்ல, தன்ஷிகா பாயில் படுத்துக்கொண்டு ம் என்பாள், அந்த ம் வந்தால்தான் அடுத்த வரி எனக்கு வரும். அவள் ம் நின்றுபோனால் அவள் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம், என் பாடமும் அந்த இடத்தில் நின்றுவிடும். எல்லாப் பாடத்திலும் பிற்பகுதி எனக்கு ஆட்டம் காண்பது அதனால்தான், அவள் சீக்கிரம் தூங்குகிற பிள்ளை. மாதிரித் தேர்வில் பேனாவைப் பிடித்ததும் கை தானாக எழுதிற்று. வேரானது தான் பெற்ற நீரைச் சைலம் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பியது. சைலம் என்பது தண்ணி ஏறுகிற குழாய், கதையில்தான் அது சித்தப்பா. எழுதினது எனக்கே தெரியாது. பேப்பரைக் கொடுக்கும்போது ஹெப்சிபா மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மாரீஸ்வரி, எந்திரி. சைலம் யாருக்கு சித்தப்பா?” என்றார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. “புளோயம் யாரு, சித்தியா?” என்று பின்பெஞ்சில் ஒருத்தி. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பார்த்தால் மேடம் சித்தப்பா என்கிற சொல்லை மட்டும் அடித்திருந்தார், மற்றதற்கெல்லாம் மதிப்பெண் போட்டிருந்தார். மற்றதெல்லாம் சரிதான். இப்போது தன்ஷிகா ஊருக்குப் போய்விட்டால் யார் ம் சொல்வது? சத்தம் இல்லாத வீட்டில் நன்றாகப் படிக்கலாம் என்று மதினி சொல்கிறார்கள். சத்தம் இல்லாத வீட்டில் நான் படித்ததே இல்லையே. எனக்கு வருமா? இழுவிசையே நீர் மேலேற. இதோ, பக்கத்தைத் திருப்பினேன், திருப்பியது எப்போது? திரும்பவும் பழைய பக்கத்துக்குப் போகிறேன். பக்க அடையாளத்துக்கு வைத்திருப்பது அவர் வேலை பார்க்கிற அச்சகத்துக் காலண்டர் கழிவு. கலர் விலகிப்போன முருகன். உதடு ஒரு பக்கம், உதட்டுச் சிவப்பு ஒரு பக்கம். இந்த வீட்டில் அலமாரிக்கு விரிப்பதும் அதுதான், தன்ஷிகா கிறுக்குவதும் அதன் முதுகில்தான், நான் குறிப்பு எடுப்பதும் அதன் முதுகில்தான். ஒரே தாளில் ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் வேர்த்தூவி, வேர்த்தூவிக்கு மேல் தன்ஷிகா வரைந்த ஆடு. சிவப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான், மற்றபடி முருகனுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அப்படித்தான் எங்கேயோ தள்ளி விழுந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் இருந்தால் மனசு கல்லூரியில். கல்லூரியில் இருந்தால்.

கல்லூரியில் இருந்தால் மயில். அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் நேரம் போய்விடும், ஆனாலும் அது வருகிறது. லோகித் பிறந்து பச்சை உடம்பு காயாத நேரம், இதே தாவரச் செயலியல் தாள். அவர் லீவு போட்டுவிட்டு வண்டி நிறுத்துகிற கொட்டகையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், துணிப்பை. காவலாளி அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்திருந்தாராம். நான் மேலே மாடியில் எழுதிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், கேள்வியில் சாறேற்றம் வந்திருந்தது, படம்கூடப் போட்டுவிட்டேன். அப்போது ஒரு அழுகை. ஜன்னலுக்கு வெளியே, கீழே, அந்தக் கருவேலங்காட்டுப் பக்கம். ஒருதரம். பிறகு நீளமாக இன்னொருதரம். எனக்குள் யாரோ மதகைத் திறந்துவிட்ட மாதிரி மார் கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஜாக்கெட் நனைந்து, சேலை நனைந்து, முன்னால் இருக்கிற பேப்பரில் ஒரு சொட்டு, மை கரைகிறது. அது என் பிள்ளையா என்று மூளை கேட்டது, உடம்பு கேட்கவில்லை. எழுந்துவிட்டேன். “இன்னும் நேரம் இருக்கும்மா,” என்றார் மேற்பார்வைக்கு வந்த சார். கொடுத்துவிட்டு ஓடினேன், படியெல்லாம் எப்படி இறங்கினேனோ. போய்ப் பார்த்தால் லோகித் அவர் மடியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறான். “அழுதானா?” என்கிறேன் மூச்சு வாங்க. “இல்லையே.” “அழுத சத்தம் கேட்டுச்சே.” அவர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “மாரி, அது மயிலு.” அதற்குப் பிறகும் ஒருதரம் அது கத்தியது, அப்போது மயிலாகத்தான் கேட்டது. பரீட்சைக் கூடத்தில் எனக்கு எங்கே கேட்டது மயிலாக! அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வருகிற வழியில் மட்டும், “மயிலுக்குப் பால் குடுக்க ஓடி வந்தவ உலகத்துல நீ ஒருத்திதான்,” என்றார். நானும் சிரித்தேன். எல்லாத் தாளும் தேறினேன், அந்த ஒன்றைத் தவிர. இந்த அரியரை முடித்தால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் பி.எட். பி.எட். படித்தால்தான் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மேசை, மேசையில் நுண்ணோக்கி, வரிசையில் நிற்கிற பிள்ளைகள். இந்தத் தடவையும் விட்டால் மதினி ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார், அடுத்த தடவைக்கு யாரும் பேச்செடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மெல்ல மூடிப்போகும். நான் அஞ்சுவது அந்த மெல்லத்துக்குத்தான்.

“அம்மா, அத்தை வீட்ல வெள்ளாடு இருக்காம்!” தன்ஷிகா ஒற்றைச் சடையோடு ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மற்றொரு பாதி முடி விரிந்து கிடக்கிறது. “ஏ குட்டி, சீப்போட ஓடாத, இங்கிட்டு வா!” என்று மதினி. “இருக்கா? எத்தனை?” “நிறைய. குட்டி போட்டிருக்காம். குட்டிக்குப் பால் நாந்தான் குடுக்கப்போறேன்.” ஓடிவிட்டாள். அவளுக்கு ஏக்கமே இல்லை. இல்லாமல் இருப்பது நல்லதுதான், அழுதுகொண்டு போனால் நான் என்ன செய்வேன், ஆனாலும் கதவுப் பக்கம் பார்க்கிறேன், இன்னொருதரம் வருவாளா என்று. மதினி வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மகளைக் கட்டிக்கொடுத்து அவள் சூரத்துக்குப் போனபிறகு அந்த வீட்டில் ஒரு சாமானும் இடம் மாறுவதில்லை, வைத்தது வைத்தபடி இருக்கிறது. மதினி ஒருதரம் சொன்னார்கள், “வீட்ட அசிங்கம் பண்ண ஆளில்லாம சுத்தமாக் கெடக்கு மாரி, பாக்கவே பிடிக்கல.” பிள்ளைகள் வருகிறார்கள் என்று சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். லோகித் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பருவம். அந்த மஞ்சள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே முதல் எட்டு அங்கே வைத்துவிடுவான். மதினி போனில் சொல்வார்கள், “நடந்துட்டாம்ட்டி!” நான் இங்கே சந்தோஷமாக, “அப்படியா மதினி,” என்பேன். அந்த அப்படியாவை இப்போதே சொல்லிப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் வருகிறது.

தலையில் வாசம் கனக்கிறது. காலையில் மதினி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பையிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். பிரித்தால் மல்லிகை, தொடுத்தது, இன்னும் ஈரம் போகாதது. எனக்குப் பூ வாங்கிக் கொடுத்து எவ்வளவு நாளாயிற்று, மதினிக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் போய் நின்று பாதியைக் கிள்ளி வைத்துக்கொண்டு வந்து நின்றேன். மதினி பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள், சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணி குடித்து, “அடி கூறு கெட்டவளே, அது தலைக்கில்லட்டி. நெஞ்சுல வச்சுக் கட்டுறதுக்கு. பால் வத்தணும்ல!” தன்ஷிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் குதித்துக் குதித்து, “அம்மா கூறு கெட்டவ, அம்மா கூறு கெட்டவ,” என்று பாடினாள். அவர் அப்போது சட்டை மாட்டிக்கொண்டிருந்தார், சட்டைக்குள் தலையை விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவே இல்லை. மிச்சப் பூ இப்போது ஈரத்துணியில் சுற்றி அலமாரி ஓரத்தில் இருக்கிறது. பிள்ளை போனதும் வைத்துக் கட்ட வேண்டும். “கல்லு மாதிரிக் கட்டும், காய்ச்சல் அடிச்சாலும் அடிக்கும், பயந்துறாத. பிள்ளை சத்தம் காதுல விழாம இருந்தாத்தான் வத்தும். பக்கத்துல வச்சுக்கிட்டு மறக்கடிக்க முடியாது, அவனும் மறக்க மாட்டான், ஒன் ஒடம்பும் மறக்காது.” மதினி சொல்வதெல்லாம் நடக்கிறதுதான், எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய்த்தான் பால் மறந்து வந்திருக்கின்றன. போகும்போது தாயை விடாது, வரும்போது ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கும். எதிர்வீட்டுப் பிள்ளை அப்படிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டேதான், “என்னடா, அம்மாடா,” என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை இல்லை. அவளுக்கும் ஏதாவது இருந்திருக்கும், என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

தூளி நின்றுவிட்டது. கால் எப்போது நின்றது? சேலையை விலக்கிப் பார்த்தால் லோகித் உட்கார்ந்தே இருக்கிறான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுகிறான். வாயில் வார்த்தை வராது, மா என்பதற்கும் பா என்பதற்கும் நடுவில் ஒரு சத்தம். முன்னறையில் மதினி தன்ஷிகாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்கே ஆரம்பித்துவிடு, வழியில் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நான் கயிற்றை விரலிலிருந்து கழற்றிவிட்டு, கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு அவனைத் தூக்குகிறேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்கிறேன். அவன் வாய் வைக்கிறான். வலிக்கிறது, மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல், பிறகு வலி இல்லை. ஒரு கை என் காதைத் தேடுகிறது, காதைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பான், பிடித்து ஆட்டுவான், கம்மல் போடவே விடமாட்டான். இதுதானா? இதுதான் கடைசியா? கடைசி என்று தெரிந்துகொண்டே ஒன்றைச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தன்ஷிகா கடைசியாகக் குடித்தது எனக்கு ஞாபகமே இல்லை. அது எந்த நாள், காலையா சாயங்காலமா, எந்தச் சேலை, ஒன்றும் இல்லை. நான் அப்போது புதிதாகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வெங்காயத் தோல். மெல்லிசாக உரித்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கிக்குள் பார்த்தால் செங்கல் கட்டிடம் மாதிரி அறை அறையாக, எல்லா அறையிலும் ஒரு விளக்கு. இத்தனை நாளும் குழம்புக்கு அரிந்து போட்ட வெங்காயத்துக்குள் இப்படி ஒரு தெரு இருந்ததா? கையெல்லாம் சிவப்புச் சாயம், அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து தன்ஷிகாவைத் தூக்கினேன், அவள் கன்னத்திலும் சாயம். அந்த வாரமோ அடுத்த வாரமோ அவள் தானாகவே விட்டிருக்க வேண்டும். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்து முடிந்திருக்கிறது. இவனுக்காவது பார்த்துக்கொண்டிருப்போம் என்று பார்க்கிறேன். நெற்றியில் ஒரு கொசு கடித்த தடிப்பு. இமை பாதி இறங்கி இருக்கிறது. தொண்டை ஏறி இறங்குகிறது. எல்லாவற்றையும் மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்க நினைக்க, மடியிலிருந்து சரிந்து கிடக்கிற புத்தகத்தில் கண் போகிறது. ‘வேரழுத்தம் மட்டும் உயர்ந்த மரங்களில் நீரேற்றத்துக்குப் போதுமானதன்று.’ புரிந்துவிட்டது. இத்தனை நேரம் படித்து ஏறாதது இப்போது ஒரே பார்வையில் ஏறிவிட்டது. பாவி, உனக்கு இப்போதா ஏற வேண்டும்! இவனைப் பார்க்க உட்கார்ந்தால் புத்தகம் ஏறுகிறது, புத்தகத்தைப் பார்க்க உட்கார்ந்தால் இவன் கண் தெரிகிறது. நுண்ணோக்கி மேல் கண்ணை வைத்திருக்கும்போது இவர்கள் உச்சந்தலை வாசம் வரும், இவர்களைக் குளிப்பாட்டும்போது சஃப்ரனின் வாசம் வரும். எப்போதும் நான் இல்லாத அந்தப் பக்கத்துக்குத்தான் ஏங்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒன்றாக எனக்கு ஒருதரம் கிடைத்தது என்றால் அது அந்தப் பாய்தான், இவன் தூளியில், அவள் ம் சொல்ல, நான் சைலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பாய். அதைக் கொண்டுபோய்ப் பரீட்சைக் கூடத்தில் விரிக்க முடியாது.

வாயை எடுத்துவிட்டான். என்னை நிமிர்ந்து பார்த்து, நாலு பல்லையும் காட்டிச் சிரித்து, மறுபடி ஒருதரம் வாய் வைத்து, சும்மா விளையாட்டுக்கு, திரும்ப எடுத்துவிட்டான். போதும் என்கிறான். இன்னும் கொஞ்சம்டா என்கிறேன். தலையைத் திருப்பிக்கொண்டு கதவுப் பக்கம் கையை நீட்டுகிறான். வெளியே நிஜமாகவே ஆட்டோ. டுர்ரென்று காம்பவுண்டு வாசலில் வந்து நிற்கிற சத்தம், அவர் குரல், “அக்கா, ரெடியா?” மதினி உள்ளே வருகிறார்கள். என் ஜாக்கெட் ஊக்கைப் பார்க்கிறார்கள், என் முகத்தைப் பார்க்கிறார்கள். “குடு,” என்று மட்டும் சொன்னார்கள், அதுவும் மெதுவாக. கொடுக்கும்போது அவன் என் காதை விடவில்லை என்றால் என்ன செய்வது என்று பயந்தேன். விட்டுவிட்டான்.

வாசலில் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் பானையை வைத்துவிட்டுப் பார்க்க வந்துவிட்டார்கள். “என்ன மாரி, பிள்ளைகளை எல்லாம் பாக் பண்ணி அனுப்புற? பெரிய கலெக்டர் பரீட்சைதான்!” “கலெக்டர் ஆனா ஒன் வீட்டுக்குத்தான் மொத ரெய்டு,” என்றேன், வாய் தானாகப் பேசிற்று. மதினி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து லோகித்தை மடியில் நிறுத்திக்கொண்டார்கள். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அழுவான், அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது, உள்ளே போய்விட வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். லோகித் துள்ளினான். இன்னொருதரம் அழுத்தினார். அவன் கெக்கெக்கென்று சிரித்து, டிரைவர் தலைமுடியைப் பிடிக்க எட்டினான். அவ்வளவுதான். என்னைப் பார்க்கவே இல்லை. நான் யோசித்து வைத்திருந்த எதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. தன்ஷிகாதான் தலையை வெளியே நீட்டி, “அம்மா, நீ பாஸாயிட்டா நாங்க வந்துருவோம்ல?” என்றாள். “பாஸாகலன்னாலும் வந்துருவீங்கடி.” “அப்ப எதுக்கு பாஸாகணும்?” குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார்கள். அவர் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் அப்படியே இரவு ஷிப்டுக்குப் போய்விடுவார், நாளைக்குத்தான் வருவார். ஆட்டோ புகையை விட்டுவிட்டுக் கிளம்பியது. தெருமுனை வரைக்கும் போய், அங்கே ஒரு தண்ணி லாரிக்காக ஒதுங்கி நின்றது. குழாயடிப் பெண்களும் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

லாரி போய்விட்டது. ஆட்டோ கிளம்பவில்லை. அவர் மட்டும் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். எதையோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, என்ன மறந்திருப்பார்கள், பால் பாட்டிலா, சிரப்பா, குல்லாயா என்று நான் வீட்டுக்குள் எல்லா மூலையையும் மனசால் தேடினேன். கேட் பக்கம் வந்து நின்றார். “என்னத்த விட்டுட்டீங்க?” “ஒண்ணும் விடல.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அக்கா சொன்னா, நானும் சரின்னேன். ஆட்டோவுல போறப்ப யோசிச்சுப் பாக்கேன், நீ சரின்னு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் வரல மாரி. நீ சொல்லவே இல்ல.” நான் தெருமுனையில் நிற்கிற ஆட்டோவைப் பார்த்தேன். “வேணாம்னா இப்பச் சொல்லு. இந்தா, எறக்கிக் கூட்டிட்டு வந்துருதேன். அக்கா ரெண்டு நாள் பேசாது, பெறகு தானாப் பேசிரும். நா பாத்துக்கிடுதேன்.” அவர் நிஜமாகத்தான் சொல்கிறார். வேண்டாம் என்று ஒரு சொல் போதும், அரை நிமிஷத்தில் அவன் என் இடுப்பில் இருப்பான், வெயிலில் கன்னம் சூடாக, அவள் அத்தை வீட்டு ஆட்டுக்குட்டிக்காக அழுதுகொண்டு என் சேலையை இழுப்பாள். நாக்கில் அந்தச் சொல் இருந்தது. இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதன் ருசி தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமையும் ஒன்றும் ஆகாது. என்றைக்கோ ஒருநாள், இவர்கள் வளர்ந்து ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு எதிர்த்துப் பேசுகிற ஒருநாள், அடுப்படியில் நின்றுகொண்டு, உங்களாலதான் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும். என் அம்மா சொல்லியிருக்கிறாள். தீப்பெட்டி ஒட்டிய பசை காயாத கையோடு எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உடனே சோறு போட்டாள். அந்தச் சோற்றை நாங்கள் சாப்பிட்டோம். எதனால் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

தெருமுனையில் ஆட்டோ டிரைவர் ஹாரன் அடித்தார்.

“பஸ்ஸுல தன்ஷிகாவ ஜன்னல் பக்கம் உக்கார வைங்க,” என்றேன். “வளைவுல அவளுக்கு வாந்தி வரும்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கேட்டைச் சாத்த மறந்து, நிழல் இல்லாத அந்தத் தெருவில் தெருமுனையைப் பார்த்து நடந்து போனார்.